தாக்கும் பதினொருவர்

ஒருவரது ஆற்றலை அது சோதிக்கப்படுமுன்னரே நிறுத்துப் பார்க்க முனைவது மனித இயல்பு. கல்விக்கூடங்களில் இவ்வியல்பு தொழிலாகவே மாறிவிடுகின்றது. பரீட்சைக்கு முந்திய வாரத்தில் எந்த மாணவன் முதல் வகுப்புப் பெறுவான் என்று விரிவுரையாளர் ஓய்வறையிற் பேசப்படாத பல்கலைக்கழகம் இருத்தல் அரிது. அமெரிக்காவிலோ இப்பேச்சு வகுப்பறையை விட்டு விளையாட்டரங்கிற் குடியேறி, நாடு முழுவதும் கேட்கும் பேச்சாகியுள்ளது. இதற்கு 2005ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் கடினம்.

அம்மாதம் 3ஆம் திகதி தென் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அணி தனது அயற் பல்கலைக்கழகமான யூ.சி.எல்.ஏ.யை 66–19 என வென்றது. அது அவ்வணியின் தொடர்ச்சியான 34ஆவது வெற்றியாகும். அடுத்த ஆட்டம், தேசிய வாகைப் பட்டத்திற்கானது, 2006 ஜனவரி 4ஆம் திகதி பசடீனா நகரின் றோஸ் போல் அரங்கில் ரெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துடன் நிகழவிருந்தது. ரெக்ஸாசும் அவ்வாண்டு தோல்வி காணாத அணியே. இடையில் ஒரு மாத காலம் பந்து எவர் கையிலும் இல்லை. பேச்சோ எல்லார் வாயிலும் இருந்தது.

இலங்கை வாசகர் உதைபந்தாட்டம் என்றதும் மனதிற் கொள்ளும் ஆட்டம் இதுவன்று. றகரின் வழித்தோன்றலான இவ்வாட்டத்திற் பந்து உதைக்கப்படுவது குறைவு. அதனைக் கையிற்கொண்டு ஓடுவதும் முன்னோக்கி எறிவதுமே பெரும்பான்மை. றகரில் முன்னோக்கி எறிதல் குற்றம். இங்கு அதுவே கலை. தாக்குவதற்குப் பதினொருவர், தடுப்பதற்கு வேறு பதினொருவர் என ஓர் அணிக்குள்ளேயே இரண்டு படைகள் உண்டு. தாக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் தூரம் முன்னேறின் மேலும் நான்கு முயற்சிகள் பெறும். தவறின் பந்து எதிரணிக்குச் செல்லும். ஒவ்வொரு முயற்சிக்கும் ஆட்களை விரும்பியவாறு மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் இங்கு மனதில் இருத்திக்கொள்வது நன்று. பின்னர் இது வேண்டப்படும்.

தென் கலிபோர்ணியாவின் தாக்கும் பதினொருவரையே அம்மாதம் முழுவதும் நாடு நிறுத்துப் பார்த்தது. ஓர் ஆட்டத்திற்கு ஏறத்தாழ 50 புள்ளிகள் குவித்த அணி அது. தொலைக்காட்சியில் அவ்வணி ரெக்ஸாசுடன் மட்டுமன்றி, முன்னைய தசாப்தங்களின் தலைசிறந்த அணிகளுடனும் ஒப்பிடப்பட்டது. இன்னும் ஓர் ஆட்டம் எஞ்சியிருக்கையில் ஓர் அணியை வரலாற்றில் அமர்த்திவிடுவது சற்று விரைவான காரியமே. எனினும் அம்மதிப்பீட்டாளர்களைக் கேலிசெய்வது நியாயமாகாது. அவர்களிடம் சான்றுகள் இருந்தன.

முதலாவது சான்று மற் லைனாட். தாக்குதலை நடத்தும் குவாட்டர்பாக் என்னும் நிலைக்குரியவர், இடக்கையால் எறிபவர். 2004ஆம் ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதைப் பெற்றபின் தொழில்முறை ஆட்டத்திற்குச் சென்று பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். அவரோ பல்கலைக்கழகத்தில் மேலும் ஓராண்டு தங்கினார். பட்டத்திற்குரிய பாடங்கள் முடிவடையுந் தறுவாயில் இருந்தமையால் அப்பருவத்தில் அவர் பயின்றது சோடிநடனம் என்ற ஒரே பாடம் மட்டுமே. இச்செய்தி பத்திரிகைகளுக்குப் பெருவிருந்தாயிற்று. அவரது கை வலிமை நடுத்தரமானதே என்பது அறிந்தோர் கருத்து. அவரது பலம் பார்வையிலும் பொறுமையிலும் இருந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி நொற்றடாம் பல்கலைக்கழகத்துடனான ஆட்டத்தில், தோல்வியின் விளிம்பில், நான்காவது முயற்சியில் 9 யார் தேவைப்பட்டபோது டுவெயின் ஜறெற் என்பவரிடம் அவர் எறிந்த பந்து 61 யார் முன்னேற்றத்தைத் தந்தது. அவ்வாட்டம் 34–31 என வெல்லப்பட்டது.

இரண்டாமவர் றெஜி புஷ். இவரைப் பற்றி எழுதியோர் உவமைகளைத் தேடிக் களைத்தனர் எனலாம். பந்துடன் ஓடிய ஒவ்வொரு தடவையும் சராசரியாக 8.7 யார் முன்னேறினார். 5 யார் முன்னேறுபவரே நல்ல ஓட்டக்காரர் எனப்படும் ஆட்டத்தில் இது வியப்புக்குரியது. நவம்பர் 19ஆம் திகதி பிறெஸ்னோ அரச பல்கலைக்கழகத்திற்கு எதிராக எல்லா வழிகளிலுமாக அவர் கடந்த தூரம் 513 யார். இடப்புறம் ஓடிக்கொண்டிருந்தவர் ஒரு கணம் நின்று, அரங்கின் முழு அகலத்தையுங் கடந்து வலப்புறம் ஓடி இலக்கை எய்துவதைத் தடுப்போர் செய்வதறியாது நோக்கி நின்றனர். 2005ஆம் ஆண்டின் ஹைஸ்மன் விருது அவருக்குக் கிட்டியது. அவ்விருதைப் பெற்ற இருவர் ஒரே அணியில் அருகருகே நின்று ஆடுவதை அதற்கு முன்னர் எவரும் கண்டதில்லை.

புஷ்ஷின் ஒளியில் மறைந்துபோனவர் லென்டேல் வைற். பருத்த உடலும் நேரான ஓட்டமும் உடையவர். அழகு குறைவு, பயன் மிகுதி. அவ்வாண்டு ஓடி எய்திய இலக்குகள் 24, புஷ்ஷினுடையதைவிடக் கூடியவை. புஷ் 60 யார் ஓடும் ஓட்டத்தை மக்கள் நினைவிற் கொண்டனர். வைற் 2 யார் தேவைப்படுமிடத்தில் 3 யார் பெற்றுத் தருவதைப் பயிற்றுநர்கள் நினைவிற் கொண்டனர். பந்தைப் பற்றுவோருள் 16 இலக்குகளை எய்திய ஜறெற் உயரத்தால் வென்றவர். ஸ்ரீவ் சிமித் தப்பாத கைகளை உடையவர். இவர்களைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை.

விரித்துரைக்க வேண்டியவர் வேறு ஐவர். சாம் பேக்கர், லுற்றூயி, றையன் கலில், மற்றூவா, வின்ஸ்ரன் ஜஸ்ரிஸ் ஆகிய இவர்கள் முன்வரிசையில் நிற்பவர்கள். பந்தை ஏந்தி ஓடுவதில்லை, எறிவதில்லை, பற்றுவதில்லை. எதிரே வருபவனைத் தடுத்து நிறுத்துவதே அவர்களின் ஒரே கடமை. அக்கடமையைச் சரிவரச் செய்தால் அவர்களை ஒருவரும் காண்பதில்லை; தவறினால் நாடு முழுவதும் காண்கின்றது. அவர்களுக்கென எந்தக் கணக்கேட்டிலும் எண்கள் இல்லை. அவர்களை மதிப்பிட விரும்புபவர் ஆட்டத்தின் படத்தை மீண்டும் மீண்டும் ஓடவிட்டு, பந்தை நோக்காது, கால்களின் நகர்வையும் இடுப்பின் தாழ்வையும் நோக்கவேண்டும். இது சலிப்பூட்டும் வேலை. அம்மாதத்து எழுத்துக்களிற் புஷ்ஷுக்குப் பத்திகள் கிடைத்த இடத்தில் இவர்களுக்கு வரிகளே கிடைத்தமைக்கு அச்சலிப்பும் ஒரு காரணமாதல் வேண்டும். புஷ் முதலாவது தடுப்பாளனைச் சந்திக்குமுன் தொடப்படாமல் ஓடிய யார்கள் யாருடையவை என்ற வினா எழுப்பப்பட்டிருப்பின், விருதுகளின் பங்கீடு சற்றுச் சிக்கலாகியிருக்கும்.

எதிரணியில் வின்ஸ் யங் இருந்தார். ஹைஸ்மன் வாக்கெடுப்பில் புஷ்ஷுக்கு அடுத்த இடம் இவருக்கே, லைனாட் மூன்றாமவர். யங் பந்தெறியும் முறை இலக்கணத்திற்கு மாறுபட்டது. தோளுக்கு மேலாக எறியாது பக்கவாட்டிற் கைவீசி எறிவார். எறிவது அழகற்றது என்று கூறியோர், அவ்வெறிதல் உரியவரைச் சென்றடைந்தது என்பதைக் கூற மறந்தனர். இலக்கணம் பிழைத்தும் பொருள் துலங்கும் கவிதைகளைக் கண்டு திகைக்கும் பண்டிதரின் நிலை அது. ஓராண்டின் முன், 2005 ஜனவரி 1ஆம் திகதி, அதே றோஸ் போல் அரங்கில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்கு எதிராக நான்கு தடவை ஓடி இலக்கை எய்தி 38–37 என வெற்றி தேடித்தந்தவர் அவர். அச்சான்று எல்லார் கண்முன்னும் கிடந்தது. எனினும் பெரும்பாலோர் தென் கலிபோர்ணியாவே வெல்லும் என்றனர்.

ஆட்டத்தின் முடிவு 41–38, வென்றது ரெக்ஸாஸ்.

இவ்விடத்தில் மதிப்பீடு பொய்த்துவிட்டது என்று கூறி நிறுத்துவது எளிது. உண்மை அத்துணை எளிதன்று. தென் கலிபோர்ணியா அன்று முன்னேறிய மொத்தத் தூரம் 574 யார். ரெக்ஸாசோ 556 யார். லைனாட் 365 யார் எறிந்தார். வைற் 124 யார் ஓடி மூன்று இலக்குகளை எய்தினார். ஜறெற் 10 தடவை பந்தைப் பற்றினார். தனித்தனியே நோக்குமிடத்து ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிக் கூறப்பட்டவற்றை நிறைவேற்றினர் என்றே கொள்ளல்வேண்டும். தவறு வேறிடத்தில் நேர்ந்தது. முதற் காற்பகுதியில், நான்காவது முயற்சியில் 1 யார் தேவைப்பட்டபோது லைனாட் தாமே முன்நுழைய முயன்று தடுக்கப்பட்டார். இரண்டாங் காற்பகுதியில் 7–0 என முன்னணியில் நிற்கையில், நெடுந்தூரம் ஓடிய புஷ் எவரும் எதிர்பாராத வகையிற் பந்தை அருகில் ஓடிய தோழரை நோக்கி எறிய, அது நிலத்தில் விழுந்து ரெக்ஸாசின் கைக்குச் சென்றது. இடைவேளைக்குச் சற்று முன்னர் இலக்கெல்லையுள் லைனாட் எறிந்த பந்தை எதிரணியினர் பற்றினர். புஷ்ஷின் அவ்வெறிதலுக்கு அவரது ஆற்றலே காரணம் எனலாம். எதனையும் செய்யவல்லவன் என்று ஒரு மாதம் ஓயாது கூறப்பட்ட இளைஞன் எதனையும் செய்ய முயன்றதில் வியப்பில்லை.

ஆட்டம் முடிய 6 நிமிடம் 42 செக்கன் இருக்கையில் தென் கலிபோர்ணியா 38–26 என முன்னணியில் இருந்தது. யங் மீண்டும் ஓடி இலக்கை எய்தியதும் அது 38–33 ஆயிற்று. இரண்டு நிமிடத்திற்குச் சற்றுக் கூடிய நேரம் எஞ்சியிருக்க, ரெக்ஸாசின் 45 யார் கோட்டில், நான்காவது முயற்சியில் 2 யார் தேவை. அதைப் பெற்றால் ஆட்டம் முடிந்ததற்கு ஒப்பாகும். பயிற்றுநர் பீற் கறல் பந்தை உதைத்து அப்பாற் செலுத்தாது முன்னேறத் துணிந்தார். வைற்றிடம் பந்து கொடுக்கப்பட்டது. அவர் தடுக்கப்பட்டார். ஹைஸ்மன் விருது பெற்ற புஷ் அவ்வேளை களத்தில் இல்லை, ஓரத்தில் நின்றார்.

இம்முடிவைப் பற்றிய விவாதம் பின்னர் நெடுங்காலம் ஓயவில்லை. வைற்றைத் தேர்ந்ததிற் குறையில்லை. 2 யார் பெறுவதற்கே பிறந்தவர் என்று மதிப்பிடப்பட்டவர் அவர். அன்று மாலை அதனை நிறுவியுமிருந்தார். குறை புஷ்ஷை வெளியே நிறுத்தியதிலேயே உள்ளது. பந்து கொடுக்கப்படாவிடினும் அவர் களத்தில் நின்றிருந்தால் தடுப்போர் இருவராவது அவர்மீது கண்வைத்திருப்பர். ஒருவரின் பயன் அவர் செய்வதில் மட்டுமன்றி, அவர் செய்யக்கூடும் என்ற அச்சத்திலும் உள்ளது. இவ்வச்சத்தை அளக்கும் எண் எதுவும் அம்மாதத்து அட்டவணைகளில் இடம்பெறவில்லை. பதினொருவரையும் ஒவ்வொருவராக நிறுத்தவர்கள் அவர்களைச் சேர்த்து நிறுக்கும் தராசைத் தேடவில்லை.

எஞ்சிய நேரத்தில் யங் தமது அணியை 56 யார் நடத்திச் சென்றார். நான்காவது முயற்சி, 5 யார் தேவை, 19 செக்கன் எஞ்சியிருக்க, எறிய இடமின்மை கண்டு வலப்புறமாக ஓடி 8 யார் தூரத்திலிருந்த இலக்கை எய்தினார். அன்று அவர் எறிந்தது 267 யார். ஓடியது 200 யார்.

2006 ஏப்பிரலில் தொழில்முறை அணிகள் வீரரைத் தெரிந்தபோது புஷ் இரண்டாமவராகவும் யங் மூன்றாமவராகவும் லைனாட் பத்தாமவராகவும் தெரியப்பட்டனர். முன்வரிசையினரான ஜஸ்ரிசும் லுற்றூயியும் முறையே 39ஆம் 41ஆம் இடங்களைப் பெற, 24 இலக்குகளின் சொந்தக்காரரான வைற் அவர்களுக்குப் பின்னால் 45ஆம் இடத்திற் காத்திருக்க நேர்ந்தது. படத்தைப் பொறுமையாக ஓடவிட்டுப் பார்த்தவர்கள் எங்கோ இருந்தனர் என்பது அன்று புலனாயிற்று.

புஷ்ஷும் அவரது குடும்பத்தினரும் விதிகளுக்கு மாறாகப் பொருளுதவி பெற்றனர் எனப் பல்கலைக்கழக விளையாட்டுக்களை நெறிப்படுத்தும் தேசியச் சங்கம் 2010இல் தீர்மானித்தது. அவ்வாண்டே அவர் ஹைஸ்மன் விருதைக் கைவிட்டார். 2005ஆம் ஆண்டின் 12 வெற்றிகளும் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டன. நிறையரங்குகளை நிரப்பிய அவ்விளைஞர்களுக்கு அந்நாளிற் சம்பளம் பெறும் உரிமை இருந்ததில்லை என்பதையும் இங்கு சேர்த்தே எண்ணவேண்டும். 2021 ஜூலை முதல் மாணவ வீரர் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்ட அச்சங்கம் இடமளித்தது. 2024 ஏப்பிரலில் ஹைஸ்மன் விருது புஷ்ஷிடம் மீண்டது. அதனுடன் அந்த 12 வெற்றிகள் மீளவில்லை.