இன்னிக்கு நம்ம பாடு இல்ல

அரையாண்டு விடுமுறை விட்டதும் மாமா வீட்டுக்குப் போயே ஆகணும் என்று பிள்ளைகள் பிடித்த பிடியை விடவில்லை. என் மச்சான் வீடு பழவேற்காட்டில், கோட்டைக்குப்பத்தில் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து என்று போய்ப் பந்தியில் உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறேனே தவிர, ஏரியை நின்று பார்த்ததில்லை. இந்த முறை பார்த்துவிடுவது என்று வண்டியை எடுத்தேன்.

செங்குன்றம், காரனோடை, தச்சூர் கூட்டுச்சாலை. பொன்னேரியில் இறங்கி டீ குடித்தோம், 12 ரூபாய். அங்கிருந்து பழவேற்காடு 18 கிலோமீட்டர். பாதி வழி வரை இரண்டு பக்கமும் சம்பா நெல். அப்புறம் வயல் மெலிந்து முள்காடாகிறது, காற்றில் உப்பு ஏறுகிறது. கடைத்தெருவை நெருங்கும்போது கருவாட்டு வாசம் கண்ணாடி ஏற்றியிருந்த வண்டிக்குள்ளும் வந்துவிட்டது. ரோட்டோரம் பனை ஓலைக் கூடைகள் தொங்கின. கையகலப் பெட்டி 60 ரூபாய். சின்னவள் ஒன்று வாங்கிக்கொண்டாள்.

மச்சான் வீட்டில் இருந்தார். அதுதான் எனக்கு முதல் ஆச்சரியம். மழைக்குப் பிறகு ஏரி நிறைந்து கிடக்கிறது, இறால் வரும் காலம், வலையோ வாசலில் காய்கிறது. "ஏன் போகலை மச்சான்?" என்றேன். "இன்னிக்கு நம்ம பாடு இல்ல, மாப்ள" என்று சொல்லிவிட்டுக் கிழிசல் தைக்கப் போய்விட்டார். எனக்கு அது போதவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன்.

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் சுத்து வலை கட்டுகிற இடங்களுக்குப் பாடு என்று பேர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மூன்று ஊருக்கும் அதில் முறை உண்டு. ஒரு ஊர் இறங்கினால் மற்ற இரண்டும் கரையில் நிற்கும். ஊருக்குள்ளே தலைக்கட்டு வரிசை. நல்ல இடம், மோசமான இடம் எல்லாம் சுற்றிச் சுற்றி எல்லாருக்கும் வரும். எழுதப்பட்ட சட்டம் எதுவும் இதற்குப் பின்னால் நிற்கவில்லை, ஊர்ப் பேச்சுதான். இத்தனை காலம் இது நின்றதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

அண்ணி வைத்த நண்டுக் குழம்பு முடிந்ததும் பெரியவன் படகு கேட்டான். மச்சான் ஒரேயடியாக மறுத்துவிட்டார். 2011 டிசம்பர் 25, இதே மாதிரி லீவு நாள்தான். குடும்பமாக வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். அதற்குப் பிறகு உல்லாசப் படகுக்குத் தடை. நடந்தே கிளம்பினோம்.

டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டையைக் காட்டச் சொன்னேன். காட்டிய இடத்தில் மேடும் புதரும்தான் இருந்தன. கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது, தொல்லியல் துறை வேலி போட்டுக் காக்கிறது. வாசல் தூண்களில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சின்னவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

பாலத்தில் ஏரியைத் தாண்டினால் கலங்கரை விளக்கக் குப்பம். ஊரில் எல்லாரும் பூநாரை பூநாரை என்றார்கள். நாங்கள் பார்த்தது கொக்கும் ஆலாவும், கம்பத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கூழைக்கடாவும்தான். ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. பாலத்திலிருந்து வெகுதூரத்தில், நடு ஏரி என்றே சொல்லலாம், ஒரு ஆள் படகைத் தள்ளிக்கொண்டு நடந்தார். தண்ணீர் அவர் இடுப்புக்குத்தான் இருந்தது. சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி இது. இவ்வளவு பரப்புக்கு இவ்வளவுதான் ஆழம்.

முகத்துவாரத்தில் மணல் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. நடுவில் தண்ணீர் வேகமாகக் கடலுக்கு ஓடியது. "இது தொறந்திருந்தாத்தான் எறா உள்ள வரும். வெயில் காலத்துல மண்ணு மூடிக்கும், அப்ப இங்க நடந்தே அந்தாண்ட போலாம்" என்றார் மச்சான். ஆரணி ஆற்றில் வெள்ளம் வந்தால் அது மணலைத் தள்ளித் திறக்கும். மழை பொய்த்தால் கடல்நீர் வராமல் ஏரி வற்றும், மிச்சத் தண்ணீரில் உப்பு ஏறும், மூன்று ஊரின் முறையும் வெறும் கணக்காகிவிடும். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வையுங்கள் என்று இந்த ஊர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்ததெல்லாம் வலை போடுகிற எல்லாருக்கும் பொதுவான வாய்க்கால் அது என்பதால்தான்.

அன்று ராத்திரி தங்கினோம். மறுநாள் கோட்டைக்குப்பத்து முறை. மச்சான் இருட்டிலேயே போய்விட்டார். விடிந்ததும் நான் பிள்ளைகளோடு கரைக்குப் போனேன். கூடைகள் இறங்க இறங்க ஏலம். வெள்ளை இறால் கிலோ 380 ரூபாயில் நின்றது. எங்கள் பகுதி மார்க்கெட்டில் அதே அளவு 600-க்குக் குறையாது. மச்சானின் வலையில் கூட்டாளிகள் எல்லாருக்குமாகச் சேர்ந்து ஒன்பது கிலோ. டீசலுக்கு முதலில் எடுத்து வைத்தார்கள், மிச்சம் பங்கானது. "பரவால்லை, போன முறை நாலு கிலோகூட வரல" என்றார்.

ஒரு கிலோவை எங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தார். பணம் கொடுத்தால் வாங்க மாட்டார் என்று தெரியும். என் மனைவி பணத்தை அண்ணியிடம் கொடுத்தாள்.