கம்புகளுக்கு நடுவே நிற்பவன்

அஸர் தொழுதுவிட்டு பாண்டிருப்புக் கடற்கரைப் பக்கம் போனால், மணலில் இரண்டு கம்புகளை நட்டுப் பிள்ளைகள் பந்தடித்துக் கொண்டிருப்பார்கள். என் இளைய மகன் எப்போதும் அந்தக் கம்புகளுக்கு நடுவில்தான் நிற்பான்.

சென்ற மாதம் அவனுடைய அணி ஒரு கோலால் தோற்றது. வரும் வழியில் நானும் என் பங்குக்கு, "அந்த ஒன்றையும் பிடித்திருக்கலாமே மகன்" என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு அவன் சோறு தின்னவில்லை. "புடிச்ச ஏழையும் ஒருத்தரும் எண்ணல்ல உம்மா, வாப்பாவும் எண்ணல்ல" என்று தாயிடம் சொன்னானாம். மனைவி அதை என்னிடம் சொல்லிவிட்டு, "கறியில உப்புக் கூடின நாள் மட்டும்தானே உங்களுக்கு ஞாபகமிருக்கும்" என்று ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள். வாசகச் சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகுதான் கோல்காப்பாளர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். கனடா நாட்டார் விளையாடும் பனித்தரை ஹொக்கியில் வலை 6 அடி அகலம், 4 அடி உயரம். பந்துக்குப் பதிலாக உறைய வைத்த, 3 அங்குல விட்டமுள்ள றப்பர் வட்டு. மணிக்கு நூறு மைல் வேகத்திலும் வரும். முன்பு அதை முகமூடியில்லாமலே தடுத்தார்கள்! 1959 நவம்பர் 1ஆம் திகதி நியூயோர்க்கில் மொன்ட்ரியல் அணியின் ஜாக் பிளான்ட்டுக்கு முகம் கிழிந்தது. தையல் போட்டதும், முகமூடி இல்லாமல் இறங்கமாட்டேன் என்று நின்றுவிட்டார். பயிற்றுநருக்கு விருப்பமில்லை, ஆனால் நிறுத்த வேறு ஆளில்லை. அன்று அந்த அணிதான் வென்றது.

பிரேசிலின் பார்போசா பாவம். 1950 உலகக் கிண்ணத்தில் உருகுவேயிடம் 2-1 எனத் தோற்ற பழியை 2000இல் மரணிக்கும்வரை சுமந்தார்.

மகனுக்குப் பிடித்தது கேரளத்து ஸ்ரீஜேஷின் கதை. அவருக்குக் காப்பு உபகரணம் வாங்க, விவசாயியான தகப்பன் மாட்டை விற்றாராம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனி கடைசி விநாடிகளில் அடித்ததை அந்த மகன் தடுத்தார், 5-4. நாற்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின் இந்திய ஹொக்கிக்கு ஒலிம்பிக் பதக்கம். 2024இல் பரிஸிலும் வெண்கலம் வென்றுவிட்டே ஓய்வுபெற்றார்.

"நம்மட்ட மாடு இல்லையே வாப்பா" என்றான் மகன். கல்முனைக் கடையில் ஒரு சோடி கையுறை வாங்கிக் கொடுத்தேன்.

நேற்று ஓரமாக நின்று விரல்விட்டு எண்ணினேன். ஆறு பிடித்தான். ஏழாவதை விட்டான். வீடு வரும்வரை அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.