வேறொருவர் குரலில் வந்த பாட்டி

ராஜ் டிவியில் ‘மண்வாசனை’ ஓடிய நாட்களில் அந்தப் பாட்டியைத் திட்டிக்கொண்டே பார்த்த வீடுகள் நிறைய. சிறுமி ஆனந்தி வாழ வந்த ராஜஸ்தான் வீட்டில் யார் படிக்கலாம், யார் வாசல் தாண்டலாம் என்பதெல்லாம் பாட்டி கல்யாணி தேவியின் கையில். இந்தியில் ‘பாலிகா வது’ என்ற பெயரில் 2008இல் தொடங்கிய அந்தத் தொடர் தமிழுக்கு டப்பிங்கில் வந்தது. குரல் வேறொருவருடையது. பாட்டியாக நடித்த சுரேகா சிக்ரியுடையதாக நம்மிடம் வந்து சேர்ந்தது முகம் மட்டும்தான்.

அந்த முகமே போதுமானதாக இருந்தது. பேசி முடித்த பிறகும் பார்வையை விலக்கமாட்டார். எதிரில் நிற்பவர் தானாகத் தலை குனிவார்.

தேசிய நாடகப் பள்ளியில் 1971இல் தேறியவர் அவர். அதன்பின் அப்பள்ளியின் நாடகக் குழுவிலேயே பத்தாண்டுகளுக்கு மேல் நடித்தார். 1978இல் ‘கிஸ்ஸா குர்ஸி கா’ மூலம் சினிமாவுக்கு வந்தாலும், நாடு அவரைக் கவனித்தது 1988இல் தூர்தர்ஷனில் வந்த ‘தமஸ்’ தொடரில்தான். பிரிவினைக் கலவரம். அடைக்கலம் தேடி ஒரு முதிய சீக்கியத் தம்பதி முஸ்லிம் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். வீட்டுக்காரி ராஜோவாக சுரேகா. ஆண்கள் வெளியே போயிருக்கிறார்கள், திரும்பி வந்தால் என்ன ஆகுமோ என்ற பயம் அவளுக்கு. இருந்தும் உள்ளே விடுகிறாள், ஒளித்து வைக்கிறாள், பிறகு இருட்டில் வழிகாட்டி அனுப்புகிறாள். பயமும் இரக்கமும் ஒரே முகத்தில் மாறி மாறி வந்து போகும். கோவிந்த் நிஹலானியின் இந்தப் படைப்பில் இதைவிட என் மனதில் தங்கிய காட்சி வேறில்லை.

அதற்குத் தேசிய விருது கிடைத்தது. ஷியாம் பெனகலின் ‘மம்மோ’வுக்கு மீண்டும் ஒன்று. மூன்றாவது, 2018இல் வந்த ‘பதாய் ஹோ’வுக்கு. மூன்றுமே துணை நடிகைக்கான விருதுகள். ‘பதாய் ஹோ’வில் நடுவயதில் கர்ப்பமான மருமகளை வாய் ஓயாமல் கரித்துக்கொட்டும் மாமியார் அவர். ஆனால், கல்யாண வீட்டில் உறவுக்காரர்கள் அதே மருமகளை இளக்காரம் செய்யும்போது சீறி எழுவாரே, அந்த இடத்தில் தியேட்டரே கைதட்டியது. கரித்துக்கொட்டியதிலும் பொய்யில்லை, அந்தச் சீற்றத்திலும் பொய்யில்லை.

2019 டிசம்பரில் அந்த விருதை வாங்க சக்கர நாற்காலியில் வந்தார். முந்தைய ஆண்டு பக்கவாதம் தாக்கியிருந்தது. அரங்கம் எழுந்து நின்றது.

மறு ஆண்டு கொரோனா வந்தது. 65 வயதைக் கடந்தவர்கள் படப்பிடிப்புக்கு வரக்கூடாது என்றது மகாராஷ்டிர அரசு. தனக்கு உதவித்தொகை வேண்டாம், வேலை வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார் சுரேகா. அப்போது வயது 75. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. செப்டம்பரில் அவரை மீண்டும் பக்கவாதம் தாக்கியது. 2021 ஜூலை 16 அன்று மும்பையில் காலமானார்.