பெரியப்பா நிறுத்திய இடம்

கூலாயில் பெரியப்பா வீட்டுக்குப் போனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நடை உண்டு. லயத்தைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம், அதற்கப்பால் புதர்க்காடு. பகலில் அங்கிருந்து புலாய் மலை தெரியும். போன பள்ளி விடுமுறையில் அந்த வழியில்தான் எறும்புத்தின்னியைப் பார்த்தோம். வெட்டிப் போட்ட மட்டைக் குவியலை நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தது. மலாய்க்காரர்கள் தெங்கிலிங் என்பார்கள், தமிழ்நாட்டில் அழுங்கு.

என் மகன் முன்னால் ஓடப் போனான். பெரியப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். "அது பசியாறட்டும், பேசாம இரு."

நின்று பார்த்தோம். முதலில் மோப்பம், பிறகு தோண்டல், பிறகு நூல் மாதிரி ஒரு நாக்கு. அந்த நாக்கின் வேர் வாயில் இல்லை, நெஞ்சுக்கூட்டுக்குள் ஆழத்தில் இருக்கிறது. பிசுபிசுப்பான எச்சிலில் எறும்பும் கறையானும் ஒட்டிக்கொண்டு வரும். மூக்கையும் காதையும் மூடிக்கொள்வதால் எறும்பு உள்ளே புக முடியாது. வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. கூடவே விழுங்கும் மணலும் சிறு கற்களும் வயிற்றில் அம்மி வேலை பார்க்கின்றன.

"டிவியில் காட்டினது இதுதானா?" என்று கேட்டான் மகன். அவன் பார்த்தது தென் அமெரிக்காவின் ராட்சத எறும்புத்தின்னி. அதற்குச் செதில் இல்லை, அடர்ந்த முடி. நாக்கு 60 செ.மீ. வரை நீளும். ஒரு நாளைக்கு 30,000 பூச்சிகள் வரை தின்னும். ஆனால் ஒரு புற்றில் ஒரு நிமிடம்போலத்தான் நிற்கும். காவல் எறும்புகள் திரள்வதற்குள் அடுத்த புற்றுக்குப் போய்விடும். இரண்டும் சொந்தக்காரர்கள் இல்லை. நம் ஊர் எறும்புத்தின்னிக்கு நாயும் பூனையும்தான் நெருங்கிய உறவு!

"வீட்டுல வளர்க்கலாமா, தாத்தா?"

"எந்தக் கடையில எறும்பு வாங்குவ?"

சிரித்தோம். பெரியப்பா சிரிக்கவில்லை. பால்மரக் காலத்தில், இளவயதில், சுருண்டு கிடந்த ஒன்றைத் தூக்கிவந்து தகர டிரம்மில் போட்டாராம். சோறு வைத்தார், பால் வைத்தார். தொடவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. செதிலுக்கு ஆள் வந்து காசு கொடுத்துப் போனான். அந்தச் செதில் நம் நகம் எதனால் ஆனதோ அதனால்தான் ஆனது, மருந்தும் இல்லை மாயமும் இல்லை.

இன்று அது 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். 2017 முதல் அனைத்துலக வணிகத்துக்கும் தடை. ஈற்றுக்கு ஒரே குட்டி போடும் உயிரினம், போனது திரும்ப நாளாகும்.

பெரியப்பா டார்ச்சை அணைக்கச் சொன்னார். இருட்டில் மட்டை கிழியும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.