மோரிப் கடற்கரையில் ஒரு பாடம்

சிலாங்கூர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களில் மோரிப் கடற்கரையை அறியாதவர்கள் குறைவு. பள்ளி விடுமுறை வந்துவிட்டால் புளிச்சாதமும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு, லாரியில் நின்றபடியே பாட்டுப் பாடிப் போன காலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்லி மகிழ்வார்கள். இப்போது லாரிக்குப் பதிலாகக் காரும் வேனும் வந்துவிட்டன. அடுத்த முறை நீங்கள் மோரிப் போகும்போது, பிள்ளையின் பையில் ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், ஒரு கைக்கடிகாரம் ஆகியவற்றையும் வைத்து அனுப்புங்கள். எதற்காக என்பதைச் சொல்கிறேன்.

நான் கோல லங்காட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர். மேல்வகுப்பு மாணவர்களுக்கு மழையையும் கடலையும் பற்றிக் கற்பிக்க, பாடநூலோடு மோரிப் கடற்கரையையும் ஒரு வகுப்பறையாகப் பயன்படுத்தி வருகிறேன்.

கிள்ளானிலிருந்து வருவோர் 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில் தெலுக் பங்லிமா காராங், ஜெஞ்சாரோம், பந்திங் ஆகிய ஊர்களைக் கடந்து வரவேண்டும். வழியெல்லாம் செம்பனைதான். ஆனால் மரங்களைவிட நிலத்தைக் கவனியுங்கள். எங்கும் மேடு பள்ளம் இல்லாத தட்டை நிலம். எங்கு பார்த்தாலும் கால்வாய்கள். தெலுக் பங்லிமா காராங் அருகே பிரிந்து, பாலத்தைக் கடந்தால் கேரித் தீவு. அங்கே கடல்நீர் உள்ளே வராமல் காப்பவை மண் அணைகளும் நீர்க்கதவுகளும்தாம். கடல் வற்றும்போது கதவு வழியாக உள்நீர் வெளியேறும். கடல் ஏறும்போது கதவு அடைபட்டுவிடும். இந்தக் கரையோரத்தில் மழைநீர் வடிய வேண்டுமானால், அது கடல் இறங்கும் நேரம் பார்த்துத்தான் வடிய வேண்டும். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மோரிப் வந்துவிட்டோம். கடல் வற்றியிருக்கும் வேளையென்றால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சாம்பல் நிறச் சேறு. நண்டும் கொக்கும்தான் தெரியும். ஆறு மணி நேரம் கழித்துப் பாருங்கள்! அதே இடத்தில் கரையைத் தொட்டுக்கொண்டு அலை அடிக்கும்.

மாணவர்களை நான் முதலில் செய்யச் சொல்வது ஓர் எளிய வேலை. தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு கழியை நட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று காலடியால் அளந்து, மணியோடு எழுத வேண்டும். சற்று நேரத்தில் பிள்ளைகள் தாங்களாகவே ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள்: கடல் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை.

மாலுமிகள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கடல் ஏறும் ஆறு மணி நேரத்தில், மொத்த உயர்வைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் 1 பங்கு, பின்பு 2, 3, 3, 2, கடைசியில் 1 பங்கு ஏறும். மலாக்கா நீரிணையின் இந்தப் பகுதியில், பெரிய ஏற்றத்தின்போது, நீர் சுமார் 4 மீட்டர் உயரும். அப்படியானால் மூன்றாவது மணியில் மட்டும் 1 மீட்டர். நான்காவது மணியில் இன்னொரு 1 மீட்டர். சிறு பிள்ளையின் நெஞ்சளவு! சேற்றில் தூரமாக நண்டு பிடிக்கப் போன பிள்ளை திரும்பிப் பார்ப்பதற்குள் தண்ணீர் பின்னால் வந்துவிடுவது இதனால்தான். பெற்றோர்களே, கடல் ஏறத் தொடங்கிய இரண்டாம் மணிக்குள் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துவிடுங்கள்.

இந்தச் சேறு பெரிய படையையே தடுமாற வைத்திருக்கிறது. 1945 செப்டம்பர் 9ஆம் நாள் பிரிட்டிஷ் இந்தியப் படையினர் மோரிப்பில் கரை இறங்கினார்கள். ஜப்பான் அதற்கு முன்பே சரணடைந்துவிட்டதால் எதிர்த்துச் சுட யாருமில்லை. அப்படியிருந்தும் பல வண்டிகள் புதைந்துபோயின. மேலே கெட்டியாகத் தெரிந்த மணலுக்கு அடியில் இருந்தது சேறு. அந்த நிகழ்ச்சிக்கான நினைவுக்கல் மோரிப்பில் இருக்கிறது. பிள்ளைகளை அதன் அருகே நிறுத்தி, “அளந்து பார்க்காமல் கால் வைக்கக்கூடாது” என்று சொன்னால் போதும், மறக்க மாட்டார்கள்.

மேற்குக்கரையில் கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி, இருமுறை இறங்குகிறது. ஓர் உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். இன்று காலை 10 மணிக்கு உச்சம் என்றால், அடுத்தது இரவு 10.25க்கு, நாளைக் காலை 10.50க்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் மிகப் பெரிதாக இருக்கும். மலாய் மீனவர்கள் ‘ஆயர் பாசாங் பெசார்’ என்பார்கள். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியில் அமாவாசையும் பௌர்ணமியும் குறித்திருக்கிறதல்லவா? கடலின் கணக்கில் பாதி ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறது.

மீதிப் பாதி மழை. பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு மழையின் அருமையும் தெரியும், அதன் கொடுமையும் தெரியும். பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டிய பிறகு மழை பிடித்தால் மங்கில் இருந்த பாலெல்லாம் வழிந்தோடிவிடும். தோட்டத்து ஆபீஸ் முன்னால் மழைமானி இருக்கும். காலையில் அளந்து புத்தகத்தில் எழுதுவார்கள். அந்தப் புத்தகம் லயத்துக்கு வந்ததில்லை. இப்போது எங்கள் பள்ளியில் பிள்ளைகளே அதை எழுதுகிறார்கள்.

மழைமானி செய்யக் காசு வேண்டியதில்லை. அடி தட்டையான, பக்கம் நேரான பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, புனலைப்போல் தலைகீழாக அதன் வாயிலேயே பொருத்துங்கள். மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, வெட்டவெளியில் நிறுத்துங்கள். தினமும் காலை 8 மணிக்கு அளவுகோலால் அளந்து, மில்லிமீட்டரில் எழுதி, நீரைக் கொட்டிவிடுங்கள். மழை இல்லாத நாளிலும் 0 என்று எழுத வேண்டும். 1 மில்லிமீட்டர் மழை என்பது 1 சதுர மீட்டரில் 1 லிட்டர் நீர். 60 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 6,000 லிட்டர். 200 லிட்டர் டிரம்மில் 30 டிரம்! இந்தக் கணக்கைப் போட்ட பிறகு ‘நல்ல மழை’ என்று சொல்லி விட்டுவிடப் பிள்ளைகளுக்கு மனம் வராது.

இந்த இரண்டு கணக்கும் சேரும் இடத்துக்கு வருகிறேன். 2021 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. ஷா ஆலம் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில், தோட்டத்தை விட்டு வந்து சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்த எத்தனையோ நம் குடும்பங்கள் ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்தன. நாட்டில் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது உறவினர் வீட்டில் இருந்த ஒரு மாணவி பின்னொரு நாள் என்னிடம், “ஐயா, மழை குறைந்த பிறகும் ஏன் தண்ணீர் இறங்கவே இல்லை?” என்று கேட்டாள்.

பதிலை நான் சொல்லவில்லை. நாட்காட்டியை எடுக்கச் சொன்னேன். ஒரு மாதம் பெய்ய வேண்டிய மழை ஏறக்குறைய ஒரே நாளில் கொட்டியது. அந்த 18, 19ஆம் தேதிகளை ஒட்டித்தான் பௌர்ணமி. கடல் ஏறி நிற்க, ஆறு எங்கே போய் வடியும்? தாழ்வான நிலத்தில் நீர் தேங்கியது. வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. பிறகு அந்த மாணவியே எழுந்து, “அப்படியானால் முன்கூட்டியே தெரிந்திருக்கலாமே!” என்றாள். மழையைத் தடுக்க நம்மால் ஆகாது. பொருளை மேலே ஏற்றவும், பாட்டியை வேறிடம் கொண்டுபோகவும் சில மணி நேரம் கிடைத்தாலே பெரிய உதவிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீபகற்ப மலேசியாவில் நிலத்தின் உயரம் அளக்க அடிப்படையாக இருப்பது, 1984 முதல் 1993 வரை கிள்ளான் துறைமுகத்தில் அளந்த சராசரிக் கடல் மட்டம். பத்து ஆண்டு பொறுமையாக எழுதிய கணக்கு அது. உலகக் கடல் மட்டம் 1900க்குப் பிறகு சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. பள்ளி அளவுகோலில் மூன்றில் இரண்டு பங்கு. மலை நாட்டில் அது பெரிதில்லை. நம்மைப் போன்ற தட்டை நிலத்தில் அது கால்வாயின் வாய்வரை வந்து நிற்கும் நீர்.

ஒரு நாள் மழையையோ வெயிலையோ வைத்துப் பருவநிலை மாறிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 பாகை வெப்பம் பதிவானது. அது ஒரு நாள் செய்தி. முப்பது ஆண்டுகளின் சராசரியே பருவநிலை. இன்று பத்து வயதுப் பிள்ளை எழுதத் தொடங்கினால், நாற்பது வயதில் தன் ஊரைப் பற்றித் தானே சாட்சி சொல்லலாம்.

வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. வடிகால், நீர்ப்பாசனத் துறை ஆற்று நீர் மட்டத்தையும் மழை அளவையும் பொதுமக்களுக்குத் தருகிறது. இவையெல்லாம் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கும். பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் தாத்தா பாட்டிக்குப் புரியாது. படித்துச் சொல்ல வேண்டியது உங்கள் வீட்டுப் பிள்ளை.

ஆகவே, தாழ்வான இடத்தில் குடியிருக்கும் அன்பர்களே, நாட்காட்டியில் வரும் அமாவாசையையும் பௌர்ணமியையும் சிவப்பு மையால் வட்டமிடச் சொல்லுங்கள். அந்த நாள்களில் கனமழை எச்சரிக்கை வந்தால், பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பள்ளிப் புத்தகங்கள் ஆகியவற்றை முதலில் உயரத்தில் வையுங்கள். எந்த நேரத்தில் கடல் ஏறும் என்று பிள்ளையைக் கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் அது கணக்கை ஒழுங்காக எழுதும்.