சேரன்மகாதேவியும் ஒரு பந்தியும்



திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் இரயிலில் பத்தமடையை ஒட்டி வரும் ஊர் சேரன்மகாதேவி. ஒரு பக்கம் தாமிரபரணி. மறுபக்கம் கன்னடியன் கால்வாய். இரண்டுக்கும் இடையே நெல்வயலும் வாழையும். சோழர் காலத்தில் இவ்வூருக்கு நிகரிலிசோழச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர். பெயரே சொல்வது போல அந்தணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊர் இது. பாண்டிய நாட்டை ஆளச் சோழர் அனுப்பிய இளவரசர்களின் கல்வெட்டுகள் இங்குள்ள கோயில்களில் உள்ளன. நவகைலாயங்களுள் இரண்டாவது என்று நம் இந்துச் சகோதரர்கள் போற்றும் அம்மைநாதர் கோயிலும் இங்கேதான்.

பக்கத்தூரான பத்தமடையில் நம் சமுதாயத்தினர் தலைமுறை தலைமுறையாகப் பாய் முடைகின்றனர். கோரையைக் கிழித்து, ஆற்று நீரில் நாட்கணக்கில் ஊறவிட்டு, உலர்த்தி, பருத்தி நூலைப் பாவாக்கி நெய்யும் அந்தப் பட்டுப்பாய், எல்லாச் சமயத்தார் திருமணத்திலும் மணமக்களின் பெயர் தாங்கி விரிகிறது. பாயில் அமர்பவர் யார் என்று கோரை கேட்பதில்லை. கேட்பது மனிதர்களே.

சேரன்மகாதேவியை நாடறியச் செய்ததும் இந்தக் கேள்விதான். 1922இல் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலம் ஒன்றைத் தொடங்கிய வ.வே.சு. ஐயர், பின்னர் அதைச் சேரன்மகாதேவிக்கு மாற்றினார். பாரிஸ்டர் படிப்புக்காக இலண்டன் சென்று புரட்சியாளராக மாறியவர் அவர். புதுச்சேரியில் பத்தாண்டுக் காலம் தஞ்சம் புகுந்து வாழ்ந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். தாய்மொழிக் கல்வியும் உடலுழைப்பும் தேசப்பற்றும் ஒருங்கே அமைந்த பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்பி, முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது.

அந்தக் குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனியே உணவு பரிமாறப்பட்டது. பெற்றோர் விரும்பினர், வாக்களித்துவிட்டேன் என்பது ஐயரின் விளக்கம். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தார் என்றும், அவர் வழியாகவே செய்தி வெளியே வந்தது என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்த ஓமந்தூராரே 1947இல் சென்னை மாகாண முதல்வரானார். பெரியார் மீதித் தொகையைத் தர மறுத்தார்; வரதராஜுலு நாயுடு தம் 'தமிழ்நாடு' இதழில் கண்டித்தார். இருக்கும் இருவர் தனியே உண்ணட்டும், இனிச் சேர்பவர்கள் சேர்ந்தே உண்ண வேண்டும் என்ற காந்தியடிகளின் சமரசமும் எதிர்த்தோரை அமைதிப்படுத்தவில்லை. 1925 ஏப்ரலில் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஜூனில், பாபநாசத்திற்கு மேலே கல்யாண தீர்த்த அருவியில், நீரில் விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் பாய்ந்து, மகளோடு தாமும் மறைந்தார். அதே தாமிரபரணிதான். நவம்பரில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

இந்த வரலாற்றை நம் மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறோம். சொல்லும்போது மனத்துள் ஒரு பெருமிதம் எழுவதுண்டு. நால்வர் ஒரே ஸஹனில் கைவைத்து உண்பவர்களாயிற்றே நாம், நமக்கு இந்த நோய் இல்லை என்று.

சென்ற மாதம் ஓர் ஊரில் ஒரு வலீமாவுக்கு அழைத்திருந்தார்கள். ஓத வருகிற பிள்ளைகள் இருவரையும் உடன் அழைத்துச் சென்றோம். ஒருவன் தகப்பனை இழந்தவன். மற்றவனின் வாப்பா மூட்டை தூக்குபவர். வாசலில் நம்மை ஸலாம் சொல்லி வரவேற்று உள்ளே பெரிய மனிதர்களோடு அமர்த்தினார்கள். பிள்ளைகளைப் "பின்னால் போங்க" என்று ஒருவர் கைகாட்டினார். நாம் பார்த்தோம். கூட்டம் அதிகம், சிறுவர்களுக்குத் தனி ஏற்பாடு போலும் என்று நாமே நமக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு பிஸ்மில்லாஹ் கூறி உண்ணத் தொடங்கினோம். பக்கத்து ஸஹனில் அதே வயதுப் பிள்ளைகள் மூவர், வீட்டாரின் உறவினர் பிள்ளைகள், அமர்ந்திருந்தது சற்றுப் பின்னரே கண்ணில் பட்டது. அப்போதும் நாம் எழவில்லை.

திரும்பும் வழியில் பேருந்தில், "நல்லாச் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டோம். "சாப்பிட்டோம் ஹஜ்ரத். கறி தீந்துபோச்சு. சோறும் தாள்ச்சாவும் இருந்துச்சு" என்றான் சிறியவன். மூத்தவன் பேசவில்லை. சேரன்மகாதேவி தாண்டும்போது ஜன்னல் வழியே பார்த்தபடி, "அந்தக் குருகுலம் எங்க இருந்துச்சு ஹஜ்ரத்?" என்றான். வேறொன்றும் கேட்கவில்லை. நம்மால் பதில் சொல்ல இயலவில்லை.

செல்வர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா உணவே உணவுகளில் கெட்டது என்ற கருத்துடைய ஹதீஸை நாம் எத்தனை நிகாஹ் மேடைகளில் எடுத்துரைத்திருப்போம்! அழைக்காமல் விடுவதைப் பற்றியே அதுவரை எண்ணியிருந்தோம். அழைத்துப் பின்னால் அமர்த்துவதைப் பற்றி எண்ணவில்லை. உணவு சமைத்துக் கொண்டுவரும் பணியாளரைத் தம்முடன் அமர்த்திக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்க, ஆலிம் என்பதற்காக நமக்குக் கிடைத்த இருக்கையை விட மனமில்லாமல் இருந்தோம். ஐயராவது வாக்களித்துவிட்டதாகக் காரணம் சொன்னார். நம்மிடம் அதுவும் இல்லை.

அந்த வீட்டாரைக் குறைகூறி இதை எழுதவில்லை. அவர்கள் நல்லவர்கள், நம் மீது மரியாதை உள்ளவர்கள். மறுவாரம் தொலைபேசியில் பேசியபோது, "பந்தி பிரிக்கிறவங்க பார்த்துக்கிட்டாங்க ஹஜ்ரத், எங்களுக்குத் தெரியாது" என்றார்கள். உண்மையாகவே இருக்கலாம்.

மூத்தவனிடம் மறுநாள் ஸுப்ஹுக்குப் பின் மன்னிப்புக் கேட்டோம். அவன் கூச்சத்தோடு தலைகுனிந்து, ஜுஸ்உவைத் திறந்து, முந்தைய நாள் விட்ட இடத்திலிருந்து ஓதத் தொடங்கினான். அடுத்த மாதம் இன்னொரு வலீமாவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. நாம் மூவராக வருகிறோம், நம் ஸஹனில் நாலாவதாக உங்களில் ஒருவர் அமருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.