மேல்மாடியில் விளக்கு எரிகிறதா?

ஜார்ஜ்டவுனுக்குப் போனால் நம் கண்கள் கீழ்த்தளத்தை விட்டு மேலே போவதில்லை. புடவைக் கடை, பூக்கடை, வடை வேகும் எண்ணெய்ச் சட்டி, சுவரோவியம் என்று பார்க்க நிறைய இருக்கிறது. அடுத்த முறை இரவு எட்டரை மணிவாக்கில் லெபோ பாசாரிலோ லெபோ பினாங்கிலோ நின்று, மேல்மாடி ஜன்னல்களைப் பாருங்கள். பல ஜன்னல்கள் இருண்டு கிடக்கும்.

இந்தக் கட்டடங்களை நாம் 'கடைவீடு' என்கிறோம். கீழே கடை, மேலே வீடு, அதற்காகவே கட்டியவை. முன்புறம் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க அஞ்சடி. குறுகிய முகப்பு, உள்ளே நீண்டு போகும் கூடம், நடுவில் காற்றும் வெளிச்சமும் இறங்கும் திறந்த முற்றம்.

நம் வணிகர்களும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். லெபோ பினாங்கில் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளில் ஒரே நீளக் கூடத்தில் பலர் தொழில் செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி, ஒரு கணக்கு மேசை. பகலில் அலுவலகமாக இருந்த இடத்தில் இரவில் பாய் விரித்துப் படுத்தார்கள். தைப்பூச வெள்ளி ரதம் புறப்படும் கோவில் வீடும் இதே தெருவில்தான் இருக்கிறது. வணிகம், வாசம், வழிபாடு மூன்றும் சில நிமிட நடைக்குள் அடங்கியிருந்தன.

பிறகு ஏன் மாடிகள் காலியாயின? 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை உயர விடாமல் பிடித்து வைத்திருந்தது. சொற்ப வாடகையில் கூரையைப் பழுதுபார்க்க உரிமையாளருக்கு மனம் வரவில்லை. ஆனால் அதே சொற்ப வாடகைதான் தையல்காரரையும் பூக்கட்டுபவரையும் நகரின் நடுவே குடியிருக்க வைத்தது. 1997-இல் சட்டம் நீக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு முழுமையாக விலகியது. வாடகை ஏறியது, குடும்பங்கள் கிளம்பின.

காலியான மாடிகள் சிலவற்றில் பறவைகள் குடியேறின. ஜன்னலை அடைத்து, பதிவுசெய்த குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, கூட்டுக்காக உழவாரக் குருவிகளை வரவழைத்தார்கள். வானொலியில் வேலை செய்கிற எனக்கு இது மறக்க முடியாத விஷயம். பிள்ளைகள் படித்த, குக்கர் விசில் அடித்த மாடியில் ஒலிநாடா பேசிக்கொண்டிருந்தது. பிற்பாடு மாநில அரசு அவற்றைப் பாரம்பரிய வட்டாரத்திலிருந்து வெளியேற்றியது.

2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. கட்டடங்கள் பிழைத்தன. ஆனால் புதுப்பித்தவற்றில் பல தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. 2009-இல் பாரம்பரிய வட்டாரத்தில் 10,000 பேருக்குச் சற்று அதிகமாக வசித்தார்கள். 2013-இல் அது 9,500-க்கும் கீழே இறங்கியது.

கைவிடப்பட்ட கட்டடம் மீண்டும் உயிர்பெறும் என்பதற்குச் சான்று ஜாலான் குருத்வாராவில் இருக்கிறது. ஹின் பேருந்துப் பணிமனை 1940-களில் கட்டப்பட்டு, பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. 2014-இல் அது கலைக்கூடமாகத் திறந்தது. இன்று வார இறுதிச் சந்தைக்குக் குடும்பங்கள் திரளுகின்றன. கலைக்கு இது முடியுமென்றால், குடியிருப்புக்கு ஏன் முடியாது?

முடியும், ஆனால் எளிதல்ல. மாடிக்குப் போகும் படிக்கட்டு பெரும்பாலும் கடைக்குள்ளேயே இருக்கும். குடித்தனத்துக்குத் தனி வழி வேண்டும். மேல்தளம் மரப்பலகை என்பதால் தீயணைப்புப் பாதுகாப்புக்குக் கூடுதல் செலவு. பழைய செங்கல் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உளுத்துப்போகும். சுண்ணாம்புச் சாந்துதான் பூச வேண்டும், அதற்குத் தேர்ந்த கைகள் வேண்டும். இடம் கூடட்டும் என்று முற்றத்தை மூடிவிட்டால் நடு அறைகளுக்கு வெளிச்சம் போய்விடும். வெவ்வேறு மாடியை வெவ்வேறு பேருக்கு விற்கவேண்டுமானால் அடுக்குமாடிச் சொத்துரிமை நடைமுறைகள் உண்டு. அதனால் கடைவீட்டு மாடிக்கு நீண்டகால வாடகையே இயல்பான வழி.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஓர் இரவுக்குப் பயணி கொடுக்கும் தொகையையும் ஒரு மாதத்துக்கு ஒரு குடும்பம் கொடுக்கக்கூடிய தொகையையும் அருகருகே வைத்தால், உரிமையாளர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பழுதுபார்ப்புக்கு மானியம் தரும்போது 'மாடியில் இத்தனை ஆண்டு குடித்தனம் இருக்கவேண்டும்' என்ற நிபந்தனையையும் சேர்த்தால், அந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். திங்க் சிட்டி போன்ற அமைப்பு 2009 முதல் புதுப்பிப்புக்கு மானியம் வழங்கிய அனுபவம் இந்த நகரத்துக்கு ஏற்கெனவே உண்டு.

இன்று லிட்டில் இந்தியாவில் வேலை செய்யும் பலர் பட்டர்வொர்த்திலிருந்தும் பாயான் லெபாசிலிருந்தும் படகிலும் பேருந்திலும் வருகிறார்கள். இரவு கடைசிக் கதவு சாத்தியதும் தெருவும் அவர்களோடு கிளம்பிவிடுகிறது. 1833-இல் எழுந்த லெபோ குயின் மகா மாரியம்மன் கோயிலுக்கு விடியற்காலையில் நடந்தே வந்து கும்பிடப் பக்கத்துத் தெருவில் ஆள் வேண்டும். மளிகைக் கடையில் நாலு வெங்காயம் வாங்கவும் ஆள் வேண்டும். பயணிகளை மட்டும் நம்பிய தெருவில் முதலில் காணாமல் போவது அந்த மளிகைக் கடைதான்.

நகரத்துக்குள் வீடு தேடும் இளம் தம்பதிகள், பளபளக்கும் புதிய அடுக்குமாடிகளோடு ஒரு கடைவீட்டு மாடியையும் பார்த்துவிட்டு வாருங்கள். கார் நிறுத்த இடம் கிடைக்காது. படிக்கட்டு செங்குத்தாக இருக்கும். ஆனால் வேலைக்கும் கோயிலுக்கும் காலை இட்லிக்கும் நடந்தே போய்வரலாம்.